மழைநீர்க் குளத்துக்கு வந்த லாரி

ஓட்டல் குளியலறைகளில் ஓர் அட்டை வைத்திருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். மேலே ஒரு பச்சை இலை, கீழே 'துண்டை மறுபடியும் பயன்படுத்தி பூமியைக் காப்பாற்றுங்கள்' என்று ஒரு வேண்டுகோள். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். துவைக்கிற செலவு மிச்சமாவது ஓட்டல்காரனுக்கு, புண்ணியம் மட்டும் பூமிக்காம். எந்த ஊருக்குப் போனாலும் என் கணவர்தான் முதலில் குளியலறைக்குள் நுழைவார். அந்த அட்டையை எடுத்து அலமாரிக்குள் ஒளித்து வைத்த பிறகுதான் என்னை உள்ளே விடுவார். (ஊட்டியில் ஒருமுறை மறந்துவிட்டார். வரவேற்பில் இருந்த பெண்ணுக்கு நான் எடுத்த பாடத்தில், ரத்து செய்ய மாட்டோம் என்று சொன்ன முன்பதிவை அவர்களாகவே ரத்து செய்தார்கள்.)

இது பிறவிக் கோபம் இல்லை. உழைத்துச் சம்பாதித்தது.

புதுச்சேரியில் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு பெரிய ஓட்டல். பெயர் வேண்டாம். பழைய பிரெஞ்சுக்காரர் மாளிகையை வாங்கி, மஞ்சள் வண்ணம் அடித்து, நடு முற்றத்தில் நீச்சல் குளம் வெட்டியிருந்தார்கள். அங்கே எனக்குப் 'பசுமை அதிகாரி' என்று வேலை கிடைத்தது. நான் ஊர் எல்லையில் இருக்கிற மூலக்குளத்துப் பெண், சுற்றுச்சூழல் படித்தவள், கல்யாணமாகி வந்து சேர்ந்தது அந்த ஓட்டலின் பின்பக்கத் தெருவுக்கு. பின்கதவைத் தட்டினால் திறக்கிற தூரத்தில் வேலை. வீட்டில் எல்லோருக்கும் பெருமை. எனக்கோ தலைகால் புரியவில்லை. பச்சைப் புடவை, மார்பில் இலை வடிவத்தில் ஒரு பித்தளை பேட்ஜ். பூமியே என்னை நம்பித்தான் சுற்றுகிறது என்று நினைத்துக்கொண்டு நடந்தேன்.

மேலாளர் பெயர் பிரபாகர். யாரையும் கடிந்து பேசாதவர். காலையில் 'பொன்ழூர்' என்று பிரெஞ்சில் வணக்கம் சொல்லுவார், நான் எது சொன்னாலும் 'அருமை மேடம்' என்பார். குழாய்களில் தண்ணீர் மெலிதாக வரும்படி சல்லடை மூடி போடச் சொன்னேன். அருமை என்றார். ஷவருக்கும் போட்டேன். சென்னையிலிருந்து வந்த ஒருவர் தலை நிறைய ஷாம்பு நுரையோடு, இடுப்பில் துண்டோடு வராந்தாவில் வந்து நின்று யாராவது இருக்கிறீர்களா என்று கூப்பிட்டார். நான் ஓடிப்போய் அவருக்கு நிலத்தடி நீரைப் பற்றி விளக்கினேன். நுரை கண்ணில் இறங்கும் வரை பொறுமையாகக் கேட்டார், நல்ல மனிதர்.

வீட்டில் என் அட்டகாசம் இன்னும் அதிகம். எங்கள் மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். பாக்கியம் அத்தை மில் மூடுகிற வரை நூற்பாலையில் வேலை பார்த்தவர். மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய குரல். சமையலறையில் உப்பு கேட்டால் தெருமுனைக் கடைக்காரர் எடுத்துவைப்பார். அந்தக் கோடையில் எங்கள் தெரு போர் தண்ணீர் முழுக்க உப்பாகிவிட்டது. டீ போட்டால் கடலைக் காய்ச்சிக் குடிப்பது போல இருக்கும். தெருக்குழாயில் நூல் மாதிரி வருகிற தண்ணீருக்கு அத்தை குடத்தை வைத்துக்கொண்டு காத்துக் கிடப்பார். அவர் திரும்பி வரும்போது நான் வாசலில் நின்று, நாமெல்லாம் தண்ணீரை வீணாக்கினதுதான் இதற்குக் காரணம் அத்தை என்று உபதேசம் செய்வேன். ஒரு வாளித் தண்ணீரில் பாத்திரமும் கழுவி வாசலும் தெளிக்கிற மனுஷியிடம். இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது.

அத்தைக்கு ஒரு சந்தேகம் இருந்தது. விடிந்ததும் ஒரு தண்ணீர் லாரி எங்கள் தெரு வழியாக ஓட்டலின் பின்வாசலுக்குப் போகிறதே, அது எதற்கு என்று கேட்டார். நான் பிரபாகரிடம் கேட்டேன். பக்கத்தில் நடக்கிற கட்டட வேலைக்கு, வழி மட்டும்தான் நம்முடையது என்றார். அதையே அத்தையிடம் சொன்னேன். அந்தக் கட்டடம்தான் முடிந்து ஆட்களே குடிவந்துவிட்டார்களே என்றார் அத்தை. உள்வேலை நடக்கிறது என்று நானாகவே சேர்த்துச் சொன்னேன். (யாரும் சொல்லித்தராத பொய். அவ்வளவு விசுவாசம்.)

அந்த ஓட்டலின் பெருமையே அந்த நீச்சல் குளம்தான். 'இந்தக் குளம் முழுக்க முழுக்க மழைநீரால் நிரப்பப்பட்டது' என்று பக்கத்தில் ஒரு பலகை. வாசகம் என்னுடையது. மாசியிலிருந்து ஊரில் ஒரு தூறல் கூடக் கிடையாது. வைகாசி வெயிலில் குளம் ததும்பிக்கொண்டு நிற்கிறது. பூமிக்கடியில் பெரிய தொட்டி இருக்கிறது என்று பிரபாகர் சொன்னார். நான் படித்த படிப்பு அத்தனையும் இந்த ஒரு வாக்கியத்தின் முன்னால் கைகட்டி நின்றது.

அந்தச் சமயத்தில் ஏதோ ஓர் அமைப்பு பசுமை ஓட்டல்களுக்கு விருது கொடுப்பதாக அறிவித்து, எங்களைப் பார்வையிட இரண்டு நடுவர்களை அனுப்பியது. ஒரு வயதான ஆண், ஒரு கண்ணாடி போட்ட அம்மா. சுற்றிக்காட்டுகிற பொறுப்பு என்னுடையது. சல்லடைக் குழாய், கண்ணாடி பாட்டில், காகித உறிஞ்சுகுழல் எல்லாம் காட்டிவிட்டு, கடைசியில் குளத்தங்கரையில் நிறுத்தி, மனப்பாடம் செய்த பேச்சை ஒப்பித்தேன்.

பெரியவர் வானத்தைப் பார்த்தார். அப்புறம் குளத்தைப் பார்த்தார். மழை பெய்து மாதக்கணக்காகிறதே அம்மா என்றார். பூமிக்கடியில் தொட்டி என்றேன். பார்க்கலாமா என்றார். பிரபாகர் இருமினார். தொட்டியைச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறார்கள், சாப்பாடு ஆறிப்போகும், இறால் வந்திருக்கிறது என்று அடுக்கினார்.

அப்போதுதான் பின்பக்கத்திலிருந்து நீளமாக ஒரு ஹார்ன் கேட்டது. அதற்கு மேலே எங்கள் அத்தையின் குரல் கேட்டது.

வழக்கமாக விடியற்காலையில் வந்து போகிற லாரி அன்றைக்கு வழியில் பழுதாகி, தெருவே விழித்திருக்கிற வேளையில் வந்திருக்கிறது. பெண்கள் வழியை மறித்துவிட்டார்கள். பிரபாகர் என் காதருகே வந்து, உங்க தெரு ஆளுங்கதானே, போய்ப் பேசி அனுப்பிடுங்க என்றார். நான் போனேன். நடுவர்களும் பின்னாலேயே வந்தார்கள். அக்கம்பக்கத்து மக்களோடு ஓட்டல் எப்படிப் பழகுகிறது என்பதற்கும் மதிப்பெண் உண்டாம்.

லாரி பாதி கேட்டுக்குள்ளும் பாதி தெருவிலுமாக நின்றது. சுற்றிலும் குடங்கள். அத்தை தன் குடத்தை லாரியின் பம்பர் மேல் வைத்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்றார். நான் டிரைவரைப் பார்த்து, இது பக்கத்துக் கட்டடத்துக்குப் போற தண்ணிதானே அண்ணே, கொஞ்சம் அவங்ககிட்ட சொல்லுங்க என்றேன்.

டிரைவர் என்னை ஓட்டலுக்குப் புதிது என்று நினைத்துக்கொண்டார். "எந்தக் கட்டடம்? சித்திரையிலேர்ந்து உங்க நீச்சல் குளத்துக்கும் புல்லுக்கும்தானம்மா ஊத்திக்கிட்டிருக்கேன்."

அத்தை கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என் இலை பேட்ஜைப் பார்த்துக்கொண்டு, மில்லில் யாருக்குமே கேட்டிருக்காத குரலில் சொன்னார்.

"காலையில உப்புத் தண்ணி டீயைத்தான கவிதா நீயும் குடிச்சிட்டு வந்த."

அதற்குள் பிரபாகர் வந்து சேர்ந்து, இன்றைக்கு மட்டும் ஒரு அவசரத்துக்கு வரவழைத்தோம் என்று நடுவர்களிடம் சிரித்துக்கொண்டிருந்தார். பெண்களைப் பார்த்து, விருந்தாளிகள் சாப்பிட்டு முடித்ததும் ஆளுக்கு ஒரு குடம் தரச் சொல்கிறேன், அந்த ஓரமாகப் போய் நில்லுங்கள் என்றார். அதோடு விட்டிருக்கலாம். என் பக்கம் திரும்பி, அதே மெத்தென்ற குரலில் சொன்னார்.

"இவங்களுக்குத் தண்ணியோட அருமை தெரியாது மேடம். நீங்கதான் எடுத்துச் சொல்லணும்."

அது என்னுடைய வசனம். வீட்டு வாசலில் நின்று நான் பேசிய அதே வசனம். அவர் வாயிலிருந்து கேட்டபோதுதான் அது எவ்வளவு கேவலமானது என்று தெரிந்தது. நான் நேராக லாரியின் பின்பக்கம் போனேன், குடத்தைக் கொண்டுவாங்க அத்தை என்றேன், வால்வின் கைப்பிடியைப் பிடித்துத் திருகினேன்.

என் மனதில் இருந்த காட்சி வேறு. ஒவ்வொரு குடமாக நிரப்பிக் கொடுப்பேன், பெண்கள் வரிசையாக வாங்கிப் போவார்கள், பிரபாகர் தலைகுனிவார். முதல் குடம் அப்படித்தான் நிரம்பியது. நிறுத்தலாம் என்று எதிர்ப்பக்கம் திருகினேன். கோபத்தில் கொஞ்சம் அதிகமாகவே திருகிவிட்டேன் போலிருக்கிறது. வால்வின் மூடியையும் பெயர்த்துக்கொண்டு கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

லாரி நிறையத் தண்ணீர் ஒரே வாய் வழியாக வெளியே வந்தால் எப்படி இருக்கும் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் போடவில்லை. என்னைத் தூக்கி எதிர்ச் சுவரில் சாத்தியது. பிரபாகரின் வெள்ளைச் சட்டையை ஊருக்கே கண்ணாடி ஆக்கியது. பெரியவரின் செருப்பு ஒன்று கடலைப் பார்த்துக் கிளம்பிவிட்டது. டிரைவர் ஸ்பேனரோடு ஓடிவந்தார், அது பொருந்தவில்லை, இன்னொன்றை எடுக்க ஓடினார். குடம், வாளி, குழம்புச் சட்டி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் நீட்டினார்கள். பெரிய மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு வந்துகொண்டிருந்த ஓர் அக்கா, செதில் ஒட்டிய அலுமினிய அன்னக்கூடையையே நீட்டினார். கண்ணாடி அம்மாவும் யாரோ கொடுத்த குடத்தோடு வரிசையில் நின்றார். பிடித்தது கொஞ்சம், சாக்கடையில் ஓடினது மிச்சம்.

புதுச்சேரியின் பசுமை அதிகாரி, கையில் ஒரு இரும்புக் கைப்பிடியோடு, ஒரு லாரி நல்ல தண்ணீரைத் தெருவில் விட்டுவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்திருந்தேன். தண்ணீரின் அருமை தெரியாத எங்கள் தெரு மொத்தமும் என்னைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தது. எல்லோருக்கும் மேலே அத்தை, இந்த முறை முழு மில் குரலில்:

"மூடு கவிதா, மூடு, தண்ணி போவுது."

வேலை போய்விட்டது. அதைச் சொல்லத் தேவையில்லை. பிரபாகர் அதையும் மென்மையாகத்தான் சொன்னார்.

ஆனால் என் கோபம் அதனால் இல்லை. விருது கிடைத்துவிட்டது, அதனால். அக்கம்பக்கத்து மக்களோடு நல்லுறவு பேணியதற்காகச் சிறப்பு விருது. பெரியவர் செருப்பைத் தொலைத்த கையோடு எடுத்த ஒரு புகைப்படத்தைத்தான் ஓட்டல் வரவேற்பறையில் பெரிதாக்கி மாட்டியிருக்கிறார்கள். குடமும் சிரிப்புமாகப் பெண்கள், நடுவே நனைந்த பச்சைப் புடவையில் நான். கீழே, 'கோடையில் மக்களோடு தண்ணீரைப் பகிர்ந்துகொள்கிறோம்' என்று பொன்னெழுத்தில் போட்டிருக்கிறார்கள். கழற்றச் சொல்லி இரண்டு தடவை போய்ச் சண்டை போட்டேன். இரண்டாவது தடவை எனக்கு வரவேற்பு பானம் கொடுத்து உட்காரவைத்தார்கள். லாரி இன்றும் வருகிறது, தார்ப்பாய் போர்த்திக்கொண்டு. எங்கள் தெருத் தண்ணீர் இன்றும் உப்பு. தெருவோடு போய் அரசு அலுவலகத்தில் மனு கொடுத்தோம். அதிகாரி பரிசீலிக்கிறார், பரிசீலித்துக்கொண்டே இருக்கிறார்.

வீட்டு நிலவரம் இன்னும் மோசம். அன்றைய கூத்து நடந்தபோது பிறந்தே இராத என் மகள், பல் தேய்க்கும்போது குழாயைத் திறந்தே விடுவாள். குழாயை மூடு என்று நான் அடுப்படியிலிருந்து சத்தம் போட்டால், உள்ளேயிருந்து அவள் பாட்டியின் குரலிலேயே பதில் வரும்: "மூடு கவிதா, மூடு, தண்ணி போவுது." கூடத்தில் அத்தை விழுந்து விழுந்து சிரிப்பார். புதுச்சேரி மேட்டுப்பாளையத்துத் தொழிற்பேட்டைக் கம்பெனிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கும் என் கணவர் சாப்பாட்டு டப்பாவைப் பார்த்துக் குனிந்துகொள்வார், தோள் மட்டும் குலுங்கும். தண்ணீரைப் பற்றி வாய் திறக்க அந்த வீட்டில் எனக்கு உரிமை கிடையாது. அது முடிந்துபோன வழக்கு.

நானே போய் மூடிவிட்டு வருகிறேன். கொஞ்சம் அழுத்தித்தான் திருகுகிறேன். குழாய் மாட்ட வரும் பிளம்பர், எந்தக் குழாய் என்று இப்போதெல்லாம் கேட்பதில்லை, அக்காவுக்கு இன்றைக்கு யார் மேல் கோபம் என்றுதான் கேட்கிறார்.