மூவாயிரம் ரூபாய் மூச்சு

மூச்சின் விலை மூவாயிரம் ரூபாய். செஞ்சி வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தையில், துண்டுக்கு அடியில், விரல் தொட்டு முடிந்த விலை.

மூச்சு என்றால் லாரியின் மூச்சு. எஞ்சின் விடும் புகையிலேயே சுழன்று, எஞ்சினுக்குள் காற்றை ஊதித் தள்ளும் இரும்பு நத்தைக்கு டர்போ என்று பெயர். அது செத்தால் லாரி மேட்டைக் கண்டதும் உட்கார்ந்துவிடும். எழிலரசனின் லாரி மூன்று வாரமாக உட்கார்ந்திருந்தது. அடுத்த வாரம் சனிக்கிழமை நெல் விற்பனைக் கமிட்டிக்கு வண்டி வராவிட்டால், இந்த அறுவடை லோடு முழுவதும் வேறு ஆளுக்கு என்று நெல் வியாபாரி சொல்லிவிட்டார். எழிலரசனுக்கு இருந்தது அந்த ஒரு லாரிதான்.

டர்போவை விற்றவர் ஆதிமூலம். வயதான ஆட்டுத் தரகர், ஆட்டோடு பழைய இரும்பும் விற்பார். விற்பவர் துண்டுக்குள் நீட்டுகிற விரல் ஒன்றுக்கு ஆயிரம் என்பது அங்கே கணக்கு. பக்கத்தில் நிற்பவனுக்கு விலை தெரியாது. வாய் பொய் சொல்லும், விரல் சொல்லாது என்பது தரகர்களின் பெருமை.

எழிலரசன் அன்றுதான் முதல் முறையாகத் துண்டுக்குள் கை விட்டான். பெரியவரின் கை சில்லென்று இருந்தது. தடவி எண்ணினான். மூன்று விரல்.

புதுசு இருபதாயிரம், பழசே ஏழெட்டு விற்கிற பண்டம். ஆனால் விலை குறைந்தால் காரணம் கேட்கக் கூடாது; கேட்டால் விற்பவன் யோசிக்க ஆரம்பித்துவிடுவான். எழிலரசன் தலையாட்டிவிட்டு ஆறு ஐந்நூறு ரூபாய்த் தாள்களை நீட்டினான்.

ஆதிமூலம் வலக்கையில் சுற்றிய துண்டை எடுக்கவில்லை. இடக்கையால் வாங்கினார். இடக்கையால் காசு வாங்கும் வியாபாரியை எழிலரசன் அதுவரை கண்டதில்லை.

"மீதிக்கு அடுத்த வெள்ளிக்கெழம வரேன், தம்பி" என்று சொல்லிவிட்டு அவர் ஆடுகளுக்கு நடுவே நடந்தார். அவர் போன வழியில் ஆடுகள் கத்துவதை நிறுத்திவிட்டு ஒதுங்கி நின்றன.

மீதியா? வயதானவர், ஏதோ உளறுகிறார் என்று எழிலரசன் டர்போவைத் தோளில் தூக்கிக்கொண்டான்.

திருவண்ணாமலை ரோட்டில் மெக்கானிக் தங்கராசின் பட்டறை. பழைய டர்போ சீட்டுக்கு அடியில் இருந்ததால் கால் வெந்தது, ஒயர் இரண்டு முறை எரிந்தது. இதை இடம் மாற்றி, கேபினுக்குப் பின்னால் உயரத்தில் வைப்பதாகத் திட்டம். தங்கராசு சாக்கட்டியால் சுவரில் லாரியை வரைந்தான்.

"ஆயில பம்பு மேல தள்ளிடும். திரும்பி வர்றப்ப அது தானா எறங்கணும். அதனால டர்போ ஒசரத்துலதான் ஒக்காரணும்" என்று விளக்கியபடியே குழாய்க்கு நேர்க்கோடு இழுத்தவன், பேச்சுவாக்கில் விலை கேட்டான். கேட்டதும் சாக்கட்டி நின்றது.

"மூணா? செத்தவன் வண்டியில கழட்டினது மச்சான் இது."

"யாரு சொன்னா?"

"வெலதான் சொல்லுது."

தங்கராசு உள்ளே இருந்த சக்கரத்தை விரலால் ஒரு தட்டுத் தட்டினான். அது 'ஸ்ஸ்ஸ்' என்று சுற்றியது; நிற்கும் என்று இருவரும் எதிர்பார்த்த நேரத்துக்குப் பிறகும் சுற்றியது. அப்போதுதான் எழிலரசன் இடக்கையைப் பற்றியும், ஆடுகளைப் பற்றியும், மீதியைப் பற்றியும் சொன்னான்.

"பணத்த முழுசாக் குடுத்துட்டே. அப்ப மீதின்னா இன்னா?"

எழிலரசன் டர்போவை விட்டு ஓர் அடி தள்ளி நின்றான். மூச்சை விற்றவன் மீதிக்கு வருகிறேன் என்றால் எதற்கு வருவான் என்று அவனுக்கே புரிந்துவிட்டது.

அதன் பிறகு திட்டத்தைப் பயம் போட்டது. செத்தவன் மூச்சைப் பிடரிக்குப் பின்னால் வைத்துக்கொண்டு ஓட்ட முடியாது என்று முதல் படத்தை அழித்தார்கள். கீழே வைத்தால் ஆயில் திரும்பாது. வலப்பக்கம் டீசல் டேங்க். கடைசியில் இடப்பக்கச் சீட்டுக்குப் பின்னால், மேலே, ஒதுக்குப்புறமாக ஓர் இடம் கிடைத்தது. என்ன, நேராகப் போகவேண்டிய குழாயை மூன்று இடத்தில் வளைக்க வேண்டும். வளைத்தார்கள்.

மூன்று வளைவு ஒரு தொண்டை ஆகிவிட்டது. செவ்வாய்க்கிழமை உச்சிப்பொழுதில் கோட்டை மலையடி ரோட்டில் ஓட்டிப் பார்த்தபோது லாரி சீட்டி அடிக்கவில்லை, முனகியது. எழிலரசன் ஆக்சிலேட்டரை மிதித்தான். அரை விநாடி கழித்து மலைப்பாறைகளும் முனகின. காலை எடுத்தான். லாரி அடங்கிய பிறகும் மலை அடங்கவில்லை. எஞ்சினை அணைத்தான். எஞ்சின் நின்றது. ஆள் இல்லாத இடப்பக்கச் சீட்டிலிருந்து யாரோ நிதானமாக ஒரு பெருமூச்சு விட்டார்கள்.

"இனிமே அந்தச் சீட்டுல நான் ஒக்கார மாட்டேன்" என்றாள் அவன் மனைவி அமலா. சொன்னதோடு நிற்காமல் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழமும் சிவப்புத் துணியும் வாங்கிவந்தாள்.

எலுமிச்சம்பழத்தைக் குழாயில் கட்டினார்கள். பத்து நிமிடத்தில் அது வெந்தது. வண்டி எலுமிச்சஞ்சோறு கிளறுகிறது என்று தங்கராசு சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை. மூச்சோடு எதுவும் உள்ளே போகக் கூடாது என்று, காற்று போகும் வாயைச் சிவப்புத் துணியால் கட்டினார்கள். சாவியைத் திருகியதும் துணி உள்ளே போயிற்று. யாரும் தொடவில்லை. லாரியே இழுத்துக்கொண்டது. பிறகு கழுத்து நெரிபட்டவன் போலத் திணறி, கருப்புப் புகை கக்கி, அடங்கியது.

வியாழக்கிழமை கழற்றிப் பார்த்தார்கள்.

"பாதித் துணிதான் இருக்குது" என்றான் தங்கராசு. "மீதி..."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது.

வெள்ளிக்கிழமை காலை எழிலரசன் முடிவெடுத்தான். லோடு போனால் போகட்டும், உயிர் இருந்தால் மூட்டையாவது தூக்கலாம். டர்போவைச் சுத்தமாகத் துடைத்து, பலகைமேல் வைத்து, ஒரு முழம் பூவும் சுற்றினான். ஊரெல்லாம் சந்தையில் இருந்தது; ரோட்டில் ஒரு நாய்கூட இல்லை. தங்கராசு வேலை இருப்பவன் போல லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டான்.

உச்சி வெயிலில் ஆதிமூலம் வந்தார். நிழல் காலடியில் ஒடுங்கி, இல்லாதது போலவே இருந்தது. வலக்கையில் அதே துண்டு.

"மீதிக்கு வந்தேன், தம்பி."

எழிலரசன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். கொடுத்த மூவாயிரம் வேண்டாம், டர்போவைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்டெப்னி டயரும் தருகிறேன் என்று புழுதியிடம் சொன்னான்.

"என்னை மட்டும் உட்டுடுங்க ஐயா. ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்குது."

பெரியவர் பூச்சுற்றிய டர்போவைப் பார்த்தார். விழுந்து கிடப்பவனைப் பார்த்தார். லாரிக்கு அடியில் நடுங்கும் இரண்டு கால்களைப் பார்த்தார். எதையோ புரிந்துகொண்டவர் போல வலக்கைத் துண்டை மெதுவாக அவிழ்த்து, கையை விரித்து எழிலரசனின் முகத்துக்கு நேரே நீட்டினார். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல். அதோடு கை முடிந்துவிட்டது.

"முழுக் கையையும்தான் குடுத்தேன் தம்பி, அஞ்சாயிரம், மிஷின் பெல்ட்டு தின்ன ரெண்ட நீ எண்ணாம உட்டுட்டே, அந்த ரெண்டாயிரத்த எடு."