கரண்டி இறங்காத ஐஸ்கிரீம்

வெள்ளிக் கரண்டி வளைந்துவிட்டது. ஐஸ்கிரீமில் ஒரு கீறல்கூட விழவில்லை.

"ஏன்னா, அது எங்காத்துச் சீர்க் கரண்டியாக்கும்!" என்றாள் சூடாமணி.

"கரண்டியை அப்புறம் நிமித்திக்கலாம். சூப்பிரண்டு வர நேரமாச்சு," என்றான் பஞ்சாபகேசன்.

காட்டிலாகா ஆபீசில் குமாஸ்தா அவன். மலைக்காட்டு ஊரான வித்துராவில் புதிதாகத் திறக்கப்போகும் கிளை ஆபீசுக்கு அவன் பெயரை எழுதியிருந்தார்கள். அங்கே மழையையும் அட்டையையும் தவிர வேறொன்றும் இல்லை என்று போய்வந்தவர்கள் சொன்னார்கள். அட்டையைக்கூடப் பொறுத்துக்கொள்வான். ஆனால் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சூடாமணியோ இந்த ஊர்க் கோட்டைக்குள் ஒரு பாகவதரிடம் வீணை கற்றுக்கொண்டிருந்தாள். அவளை விட்டுப் போனால் அவன் செத்தான், கூட்டிப் போனால் வீணை செத்தது.

பட்டியலிலிருந்து அவன் பெயரை அடிக்க ஆபீஸ் சூப்பிரண்டு அனந்தபத்மநாபய்யர் ஒருவரால்தான் முடியும். துரைமார் கொடுத்த தேநீர் விருந்தில் அவர் ஐஸ்கிரீம் கிண்ணங்களையே கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டு நின்றாராம். அது காதில் விழுந்த அன்றே பஞ்சாபகேசன் அவரை டிபனுக்கு அழைத்துவிட்டான்.

ஐஸ்கிரீம் வாளி அடுத்த தெரு வக்கீல் வீட்டில் இரவல் வாங்கியது. மரத்தூளில் பொதிந்த ஐஸ் சாலைக் கடைத்தெருவிலிருந்து வந்தது. நடுவே பால் ஊற்றிய தகரக் குவளை, அதைச் சுற்றி ஐஸும் கல்லுப்பும். வக்கீல் மாமி சொன்ன உப்பைப்போல் இரண்டு பங்கு போட்டான் பஞ்சாபகேசன். காரியம் பெரிசு, உப்பில் சிக்கனம் பார்க்கக்கூடாது என்ற நல்லெண்ணம்தான். பால் கருங்கல்லாகிவிட்டது.

"வெந்நீர்ல இறக்கிப் பாருங்கோளேன்," என்றாள் சூடாமணி.

குவளையை வெந்நீர் அண்டாவில் இறக்கினான். ஓரமெல்லாம் உருகியது. நடுவில் இருந்த கட்டி மட்டும் பிடிவாதமாக மிதந்தது.

"குழவியை எடு!"

"வேண்டாம்னா."

"எடுன்னா எடு!"

குழவியால் ஒரு போடு போட்டான். கட்டி நழுவிக்கொண்டது. பால் எழும்பி அவன் முகத்திலும் புது வேஷ்டியிலும் விழுந்தது. சூடாமணிக்குச் சிரிப்பு வந்தது. அவன் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். பாவம், அவன் கண் கலங்கியிருந்தது.

"மத்தால கடையலாம். நான் பிடிச்சுக்கறேன், நீங்க கயிறை இழுங்கோ."

இழுத்தான். கட்டி உடைந்து, குழைந்து, பார்க்க அழகாக வந்தது.

"போதும்னா!"

"இன்னும் ரெண்டே இழுப்பு."

அந்த ரெண்டு இழுப்பு எங்கேயோ போய் முடிந்தது. குவளையில் இப்போது இருந்தது ஐஸ்கிரீம் அல்ல, குளிர்ந்த பால். வாசலில் ஜட்கா வந்து நின்றது.

சூப்பிரண்டு உள்ளே வந்து மணையில் உட்கார்ந்தார். கூட வந்த ஆபீஸ் சேவகன், டவாலி வேலாயுதன், வாசலிலேயே நின்றான். வேறு வழியில்லாமல் பஞ்சாபகேசன் ஒரு வெள்ளி டம்ளரை அவர் முன்னால் வைத்தான்.

"என்னது இது?"

"ஐ... ஐஸ்கிரீம், சார்."

"ஐஸ்கிரீமா? ஸ்பூன் எங்கே?"

"வளைஞ்சுடுத்து, சார்."

சூப்பிரண்டு டம்ளருக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு அதை உயரத் தூக்கி, உதட்டில் படாமல் மடமடவென்று வாயில் ஊற்றிக்கொண்டார். டம்ளர் காலியாயிற்று. அவர் கண்ணில் நீர் தளும்பியது.

"பஞ்சாபகேசா! போற இடமெல்லாம் இதைக் கரண்டியால வாய்க்குள்ள விட்டுச் சப்பச் சொல்றா. எச்சில் பண்ணி நான் சாப்பிடுவேனா? ஒவ்வொரு விருந்திலயும் பார்த்துண்டு நின்னுட்டு, வெறும் வாயோட திரும்பி வருவேன். தூக்கிச் சாப்பிடறாப்பல ஐஸ்கிரீம் பண்ணணும்னு இந்த ஊர்ல உனக்கு ஒருத்தனுக்குத்தான் தோணியிருக்கு. இன்னும் இருக்கோ?"

இருந்தது. மொத்தத்தையும் முடித்துவிட்டு, தாம்பூலம் வாங்கிக்கொண்டு, பஞ்சாபகேசனின் முதுகில் தட்டிக்கொடுத்துவிட்டுக் கிளம்பினார்.

"இனிமே வித்துரா இல்லை!" என்று பஞ்சாபகேசன் கூடத்தில் ஒரு சுற்றுச் சுற்றினான். சூடாமணி வீணையை எடுத்து உறையைக் கழற்றினாள். அப்படிச் சந்தோஷமாக அவளை அவன் பார்த்து ஒரு மாசமாயிற்று.

வாசலில் வேலாயுதனின் குரல் கேட்டது. "சாமீ, ஐயா குடையை மறந்துட்டாரு."

குடையைக் கொடுத்தபடி பஞ்சாபகேசன் மெல்லக் கேட்டான். "ஏன் வேலாயுதா, என் பேரை அடிச்சுடுவார் இல்லையா?"

"அதை நேத்தே வெட்டியாச்சல்லே, சாமீ! வித்துரா ஆபீசுக்கு ஐயாவேதான் மேலதிகாரியாப் போறாரு. இப்பம் வண்டியில ஏறினதும், அங்க ஐஸ்கிரீம் கலக்கித் தர ஆளு வேணுமேண்ணு, சாமி பேரைத் திரும்ப எழுதச் சொல்லிட்டாரு."