சேதாரம் இல்லாத மோட்டார்

மூன்றாவது முறையும் தராசு அதையே சொன்னது. நாலு வளையலும் சேர்ந்து எட்டு சவரன் நிற்க வேண்டும். அரைக்கால் சவரன், அதாவது ஒரு கிராம், குறைந்தது.

பரசுராமன் தட்டைத் துடைத்தார். முள்ளைச் சுண்டினார். தராசை இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். தராசு மசியவில்லை.

"காத்து அடிக்குது. அத்தொட்டு முள்ளு ஆடுது," என்றார்.

"கதவு சாத்திக்கினு கீது," என்றாள் அவர் மனைவி லட்சுமியம்மாள்.

இதற்கெல்லாம் காரணம் எதிர்க்கடை சுப்பராயன். திருவள்ளூர் கடைத்தெருவில் இருவரும் எதிரெதிரே பட்டறை போட்டு, இருபது வருஷமாக ஒருவரை ஒருவர் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டு நகை செய்து வந்தார்கள். எழுபத்தாறாம் வருஷம் ஆடி மாசத்தில் சுப்பராயன் எங்கிருந்தோ ஒரு மோட்டார் வாங்கிவந்து, 'மின்சார மோட்டாரில் நகை வேலை' என்று போர்டும் மாட்டிவிட்டார். பரசுராமனுக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நாலாம் நாள் மூர் மார்க்கெட்டுக்கு ரயிலேறினார்.

அவர் வாங்கிவந்தது தொங்கு மோட்டார். ஆணியில் தொங்கும். அதிலிருந்து வளைந்து வளைந்து ஒரு குழாய் இறங்கும். குழாயின் நுனியில் பேனா மாதிரி ஒரு பிடி. காலால் கட்டையை மிதித்தால் பிடியின் முனையில் இருக்கும் சின்னக் கல் கிர்ரென்று சுற்றும். போர்டும் எழுதச் சொன்னார். சுப்பராயன் எழுதியதையே எழுதிய பிறகும் பலகையில் கொஞ்சம் இடம் மீந்தது. பெயிண்டருக்குக் கொடுத்த காசு வீணாகக் கூடாதே என்று, 'சேதாரம் இல்லை' என்று சேர்க்கச் சொல்லிவிட்டார்.

அந்த இரண்டு வார்த்தையைப் படித்துவிட்டுத்தான் செவ்வாப்பேட்டைக்கு அப்பால் நிலபுலத்தோடு இருக்கும் ஜானகியம்மாள் சுப்பராயன் கடைப் படியில் வைத்த காலை எடுத்துக்கொண்டு இந்தப் பக்கம் வந்தார். பழைய அட்டிகையை மடியிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்தார்.

"எட்டு சவரன் குடுக்கறேன். நாலு வளையலா எட்டு சவரன் வாங்கிக்கினு போவேன். தை பத்தாம் தேதி பொண்ணுக்குக் கல்யாணம். ஒரு குன்றிமணி குறைஞ்சாலும் அந்தப் போர்டைக் கழட்டி என் மாட்டு வண்டியில ஏத்திக்கினு பூடுவேன்."

"போர்டுல இன்னா எழுதிக்கீதோ அதான் என் பேச்சு," என்று பரசுராமன் மார் தட்டினார்.

இப்போது அந்தப் பேச்சில்தான் அரைக்கால் சவரன் குறைகிறது.

பரசுராமன் மனைவியின் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். கல்யாணம் ஆன புதிதில்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை.

"லட்சுமி, அந்த மூக்குத்தி..."

"இன்னா என் மூக்குத்திக்கு?"

"பதினேழு வருஷமா போட்டுக்கினு கீறியே, மூக்கு வலிக்கலியான்னு கேட்டேன்."

அன்று சாயங்காலம் மூக்குத்தி உருகியது. லட்சுமியம்மாளுக்குப் பிறந்த வீட்டில் போட்டு அனுப்பியது மொத்தம் மூன்று உருப்படி: மூக்குத்தி, மோதிரம், கம்மல். "மீதி ரெண்டும் எங்க அம்மா உயிர விட்டு சேத்தது. அதுமேல கண்ணு வெச்சே, நான் மனுஷியா இருக்க மாட்டேன்," என்று அவள் சொல்லிவைத்தாள். பரசுராமனுக்கு நிஜமாகவே மனசு கஷ்டமாகிவிட்டது. இனி ஒரு குன்றிமணி குறையக் கூடாது என்று சாமி படத்துக்கு முன்னால் நின்று சத்தியம் செய்தார்.

சத்தியம் செய்த கையோடு மைத்துனன் தேசப்பனுக்குக் கார்டு போட்டார். அங்கேதான் தப்பு நடந்தது.

தேசப்பன் கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஒரு ஃபேக்டரியில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை ஆரணியில் பஸ் மாறி வந்து இறங்கினான். நாஷ்டா முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு தொங்கு மோட்டாரை அண்ணாந்து பார்த்தான்.

"இன்னா மாமா இது? பல்லு டாக்டருக்கு ஆவும். உனக்கு ஆவுமா?"

"நல்லாத்தான்டா சுத்துது."

"எங்க சுத்துது? நடக்குது. மெதுவா சுத்துனா ரொம்ப நேரம் தேய்ப்பே. ரொம்ப நேரம் தேச்சா சூடு. சூடு ஏறுனா தங்கம் ஆவியா பூடும்."

இருபத்தைந்து வருஷமாகத் தங்கத்தை உருக்கும் பரசுராமனுக்கு அது லேசில் ஆவியாகாது என்று நன்றாகவே தெரியும். ஆனால் சொல்கிறவன் ஃபேக்டரியில் தலைக்கு இரும்புத் தொப்பி போட்டு வேலை செய்கிறவன். இரும்புத் தொப்பி போட்டவனுக்குத் தெரியாததா என்று நினைத்துக்கொண்டார்.

தேசப்பன் அடுத்து அவர் மடியைப் பார்த்தான். ஆசாரிமார் வழக்கப்படி பரசுராமன் மடியில் துணி விரித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ஐயோ மாமா! சுத்துற மிஷின் பக்கத்துல துணியா? எங்க ஃபேக்டரில பாத்தா அப்பவே வெளிய தள்ளிடுவான். சிக்கிக்கினா ஆளையே சுருட்டிடும்!"

மடித்துணி அன்றே கொடிக்குப் போனது.

அடுத்த ஞாயிறு தேசப்பன் ஏலத்தில் எடுத்த மேஜை மோட்டார் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தான். இந்தப் பக்கம் சாணைக்கல், அந்தப் பக்கம் மெருகு போடும் துணிச் சக்கரம். ஸ்விட்சைப் போட்டதும் பட்டறையில் பல்பு மங்கியது. சுவரிலிருந்த சாமி படம் ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டது.

பரசுராமனுக்கு முடிவு செய்ய முடியவில்லை. தொங்கு மோட்டார் சொன்னபடி கேட்கிறது. மேஜை மோட்டார் ஒரு மணி நேர வேலையை ஐந்து நிமிஷத்தில் முடிக்கிறது. பூ வேலைக்கு அதுவா, மெருகுக்கு இதுவா? வாசலில் நின்று யோசித்தவர், பக்கத்து நடைபாதையில் இட்லிக் கடை போட்டிருக்கும் கன்னியம்மாவிடம் கேட்டுவைத்தார்.

"நீ சொல்லு கன்னிம்மா. சின்னதா, பெருசா?"

கன்னியம்மா கையில் துடைப்பத்தோடு நின்றாள். நல்ல பொம்பளை. காலையிலும் மாலையிலும் தன் கடை வாசலோடு இவர் பட்டறை வாசலையும், படியையும், மோட்டார் வந்ததிலிருந்து பட்டறை உள்ளேயும்கூடக் கேட்காமலே பெருக்கிவிடுவாள். அந்த மண்ணைப் போட்டுத் தேய்த்தால்தான் இட்லிக் குண்டான் பளபளவென்று இருக்கிறது என்று கூடையில் அள்ளிக்கொண்டும் போய்விடுவாள்.

"எனக்கு இன்னா தெரியும் ஆசாரி? ஆனா பெரிய மோட்டாரு சத்தம் கேட்டாத்தான் கடைன்னு ஒரு மருவாதி கீது. அத்தையே வெச்சிக்க."

எதிரே சுப்பராயன் குனிந்து தன் பட்டறையைத் தானே பெருக்கிக்கொண்டிருந்தார்.

"பாத்தியா?" என்று பரசுராமன் சிரித்தார். "மோட்டாரு வெச்சா மட்டும் போதுமா? இன்னும் தொடப்பக்கட்டைய வுடலை பாரு. கஞ்சப் பிசினாரி."

"அவருக்கு அவ்ளோதான் ஆசாரி," என்று கன்னியம்மா ஒத்துக்கொண்டாள்.

மூக்குத்தித் தங்கத்தை வளையல் பூக்களில் பற்றவைத்து, மேஜை மோட்டாரில் ராவித் தேய்த்து, மெருகு போட்டுத் தராசில் வைத்தார். கால் சவரன் குறைந்தது.

பரசுராமன் தலையில் கை வைத்துக்கொண்டார். லட்சுமியம்மாள் மோதிரத்தைக் கழற்றித் தராசுப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போய் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். திட்டியிருந்தால்கூட அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"சூடுதான் மாமா, வேற ஒண்ணும் இல்ல," என்று தேசப்பன் அடித்துச் சொன்னான். "பெரிய மோட்டாரு பெரிய சூடு. ஃபேனு வை. எங்க ஃபேக்டரில ஃபேனு இல்லாத மோட்டாரே கெடையாது."

டேபிள் ஃபேன் வந்தது. பரசுராமனின் முதுகுக்குப் பின்னால், வாசலைப் பார்த்து அதை நிறுத்தினான் தேசப்பன். அப்பப்பா, என்ன காற்று! பட்டறையில் தூசு தும்பு ஒன்றும் தங்கவில்லை. தரை கண்ணாடி மாதிரி இருந்தது. வாசலில் கன்னியம்மா மட்டும் ஒரு நாளைக்கு நாலு தடவை பெருக்க வேண்டியதாயிற்று. பாவம், ஒரு தடவைகூட அவள் முகம் சுளிக்கவில்லை.

மோதிரமும் சேர்ந்த வளையல்கள் தராசில் ஏறின. அரை சவரன் குறைந்தது.

தை எட்டாம் தேதி அது. லட்சுமியம்மாள் கம்மலைக் கழற்றினாள். ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்கக் காதில் செருக ஒரு குச்சி வேண்டும். கன்னியம்மாதான் ஓடிவந்து, தன் துடைப்பத்திலிருந்தே ரெண்டு ஈர்க்குச்சியை ஒடித்து, முனை மழுக்கிக் கொடுத்தாள்.

"கவலப்படாத யக்கா. போனதெல்லாம் திரும்பி வரும்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மறுநாள் பொழுது விடிந்தபோது ஊரெங்கும் கரண்ட் இல்லை. சாயங்காலம்தான் வருமாம். பரசுராமன் இரண்டு மோட்டாரையும் மாறி மாறிப் பார்த்தார். காலால் மிதித்தார், கையால் சுற்றினார், கெட்ட வார்த்தையில் திட்டினார். வேறு வழியில்லை. கொடியிலிருந்த துணியை உதறி மடியில் விரித்துக்கொண்டு, மூலையில் கிடந்த கை அரத்தை எடுத்தார். கம்மல் தங்கத்தைப் பற்றவைத்து நாள் முழுக்க ராவினார். அந்தி சாய்கிற நேரத்தில் வளையல்களைத் தராசில் வைத்தார்.

எட்டு சவரன். முள் நேராக நின்றது.

பத்தாம் தேதி விடிந்ததும் விடியாததுமாக ஜானகியம்மாளின் மாட்டு வண்டி வந்து நின்றது. அந்த அம்மாள் தானே தராசைப் பிடித்து நிறுத்துப் பார்த்தார். இரண்டு தரம் பார்த்தார். போர்டையும் ஒரு தரம் படித்தார்.

"பேச்சு மாறாத ஆளுதான்யா நீ," என்று வளையல்களை முடிந்துகொண்டவர், லட்சுமியம்மாளைப் பார்த்துத் திகைத்தார். "இன்னாம்மா இது, ஆசாரி பொண்டாட்டி காதுல தொடப்பக் குச்சி?"

"வேண்டுதல்," என்றாள் லட்சுமியம்மாள்.

"யாருக்கு?"

"உங்க பொண்ணு கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னுதான்."

ஜானகியம்மாள் கண் கலங்கி, அவள் கையைப் பிடித்து அழுத்திவிட்டு வண்டியேறினார்.

வண்டி தெருமுனை திரும்பியதும் பரசுராமன் மைத்துனன் பக்கம் திரும்பினார். கல்யாணம் பார்க்க ராத்திரியே வந்து படுத்திருந்தான் அவன்.

"மோட்டாரு தங்கத்தத் துன்னுதுடா தேசப்பா. நேத்து மோட்டாரு ஓடல, எடை நின்னுச்சு. எல்லாம் இது வவுத்துலதான் கீது. பிரி!"

தேசப்பனுக்கும் அது நியாயமாகப் பட்டது. ஸ்பானரை எடுத்தான். ஒரு மணி நேரத்தில் இரண்டு மோட்டாரும் எண்பத்தாறு துண்டாகத் தரையில் கிடந்தன. துண்டு துண்டாக விளக்கில் காட்டிப் பார்த்தார்கள். கிரீஸைத் தொட்டுக் கல்லில் உரசிப் பார்த்தார்கள். ஒரு செத்த கரப்பான்பூச்சி கிடைத்தது.

"ஆவியாத்தான் மாமா பூடுச்சு," என்றான் தேசப்பன், முகமெல்லாம் கரியோடு.

அந்த நேரம் பார்த்துக் கன்னியம்மா படியேறி வந்தாள். பிரித்துப் போட்ட மோட்டார்களைப் பார்த்ததும் அவள் முகம் வாடிவிட்டது. பெருமூச்சு விட்டபடி முந்தானை முடிச்சை அவிழ்த்து, பட்டாணி அளவில் ஓர் உருண்டையை எடுத்துத் தராசுத் தட்டில் வைத்தாள். பத்தரை மாத்துத் தங்கம்.

"ஒரு ஜோடி கம்மலு செஞ்சி குடு ஆசாரி. எதிர்க்கடைக்காரரு உருக்கிக் குடுத்தாரு, ஆனா அவராண்ட செய்யக் குடுக்கல. அவரு கடைய அவரே பெருக்கிக்கறாரு."

"எனக்கும் இனிமே மோட்டாரு இல்ல கன்னிம்மா, கையாலதான்," என்றார் பரசுராமன் சோர்வாக. "பரவால்லியா?"

"ஐயோ, கையாலயே செய்யி ராசா, மடியில துணியக் கட்டிக்கினு செய்யி! மோட்டாருல போட்டீன்னா, நான் மறுபடியும் மொதல்லேர்ந்து உன் வாசலப் பெருக்கி மண்ண அரிக்கணும்!"