படகு மாஸ்டரின் தரைப் பயிற்சி

சொல்லிக்கொடுக்காமல் இருக்க முடியாத மனிதர்கள் என்று ஓர் இனம் உண்டு. உங்கள் தெருவிலும் ஒருவராவது இருப்பார். நீங்கள் சைக்கிளுக்குக் காற்றடித்தால் பம்பை எப்படிப் பிடிப்பது என்று சொல்வார், கிணற்றில் வாளி விட்டால் கயிற்றைத் தளர்த்து என்பார், வெங்காயம் வாங்கினால் கூடைக்கு அடியில் கை விடு என்பார். சாவு வீட்டில் அழுதுகொண்டிருந்தவளைப் பார்த்து, "நெஞ்சிலேர்ந்து அழாதே தாயி, அடிவயித்துலேர்ந்து அழு, தொண்டை கட்டாது" என்று சொன்னவரை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். இவர்கள் கெட்டவர்களா? கெட்டவர்களாக இருந்தால் வாசலோடு அனுப்பிவிடலாமே. நல்லவர்கள். அதனால் சோறு போட்டு உட்காரவைத்து அவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டியிருக்கிறது.

இந்த இனத்தில் நான் பார்த்த நன்றாக முற்றிய ஆள், வெள்ளானூர் உலகநாதன். எனக்கு என்ன உறவு என்று கேட்பீர்கள். என் பெரிய நாத்தனார் ராஜம்மாவுக்கு மூத்தவள் சொர்ணம், கடைசி துலுக்கானம், நடுவில் ஒன்று பிறந்து தங்கவில்லை. அந்தச் சொர்ணத்தைக் கட்டியவர் உலகநாதன். அவர் அப்பா வழியிலும் எனக்கு ஓர் உறவு சொல்வார்கள். அது சுற்றுவழி, விட்டுவிடுங்கள்.

உலகநாதனுக்கு ஆவடி பேக்டரியில் பிட்டர் வேலை. உடைந்ததை ஒட்டவைப்பதில் கெட்டிக்காரர். பூந்தமல்லி சாதுல்லா அவருக்குக் கூட்டாளி, மட்டடோர் வேன் வைத்து லோடு அடிக்கிறவர். கோவளத்துப் பக்கம் ஒரு படகு கிளப்பில் பைபர் படகுகள் விரிசல் விட்டுக் கிடக்கின்றன, ஒட்ட ஆள் வேண்டும் என்று சாதுல்லாதான் அவரைக் கூட்டிக்கொண்டு போனார். வினை அங்கேதான் ஆரம்பித்தது. அது ஒடுக்கமான படகு. ஒரே ஒரு ஆள் காலை நீட்டி உள்ளே செருகிக்கொண்டு உட்காருவது. இரண்டு பக்கமும் இலை வைத்த துடுப்பை இந்தப் பக்கம் ஒரு போடு, அந்தப் பக்கம் ஒரு போடு. கிளப்பில் அதற்குக் கயாக் என்று பெயர், எங்கள் வீட்டில் ஒத்தைப் படகு. ஒட்டப்போன மனுஷன் ஒரே கோடையில் ஓட்டக் கற்றுக்கொண்டார். பொய் சொல்லக் கூடாது, நன்றாகவே ஓட்டினார். அலையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போனால் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

மறு கோடையில் கிளப்காரர்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள் என்று சொல்லி ஒரு தொப்பியும் ஒரு விசிலும் கொடுத்தார்கள். விசில் வந்த நாளோடு அவர் படகில் ஏறுவது நின்றது.

பிறகென்ன, கரை. காலை அகட்டி நின்றுகொண்டு கரையிலிருந்தே கடலை நடத்துவார். கோடையில் ஞாயிறு எத்தனை வரும்? மிச்ச நாளெல்லாம் அந்த வாய் சும்மா இருக்குமா? வெள்ளானூரிலிருந்து கடலுக்கு ரயில், பஸ், மறுபடி பஸ். அதனால் வீட்டுக் கூடத்திலேயே தரைப் பயிற்சி என்று ஒன்றைக் கண்டுபிடித்தார். மே மாத லீவில் பலாப்பழத்தோடு வந்த உறவுக்காரன், பத்திரிகை வைக்க வந்தவன், துக்கம் சொல்ல வந்தவன், எவனானாலும் சரி, சிமென்டுத் தரையில் காலை நீட்டி வரிசையாக உட்கார வேண்டும். கையில் துடுப்புக்குப் பதில் ஒட்டடைக் கம்பு, கொடி மூங்கில், துடைப்பம். அவர் முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, "வல... எட... வல... எட..." வாசலில் போகிறவர்கள் ஏதோ பூசை என்று நினைத்துச் செருப்பைக் கழற்றிவிட்டு எட்டிப் பார்ப்பார்கள்.

"இன்னா மச்சான், முதுகு கூன் போடுது? படகுல கூன் போட்டா அலை பிடரில போடும்."

"மாமே, நா பத்திரிகை வைக்க வந்தேன்" என்பான் துலுக்கானம்.

"வச்சிட்டியா?"

"வச்சிட்டேன்."

"அப்ப இன்னா வேலை உனக்கு? கம்பை எடு. நா சொல்லாம கை தூக்காதே. விசில் ஊதினா அப்பிடியே நிக்கணும், மூச்சுகூட வுடக் கூடாது."

துலுக்கானம் கம்பைச் சுழற்ற, பின்னால் உட்கார்ந்திருந்த சாதுல்லாவின் மூக்குக்கண்ணாடி பறக்கும். அவர் அதைப் பொறுக்கிக்கொண்டே சொல்வார்: "அண்ணாத்தே, தரையில முழுகிச் செத்தவன் இதுவரைக்கும் கெடையாது. நாம தான் மொதல்ல பூடுவோம் போலகீது."

எல்லாருக்கும் அங்கே சிரிப்பு. ஒருத்திக்குச் சிரிப்பு வரவில்லை. சொர்ணத்துக்கு.

இத்தனை பேருக்கும் டீ யார் போட்டது? மோர் யார் கரைத்தது? கடற்கரைக்குப் போகிற அன்று விடியலில் புளிச்சோறு கிளறி, வடை சுட்டு, அங்கே போய்த் துப்பட்டி விரித்து, படகேறப் போனவர்களின் செருப்புக்கெல்லாம் காவல் இருந்தது யார்? முதல் வருஷமே கேட்டாள், "என்னியும் ஒருக்கா அதுல ஏத்து" என்று. "தரைப் பயிற்சி முடிச்சவங்கதான் ஏறலாம், அது ரூலு" என்றார். சரி என்று அவளும் கூடத்தில் உட்கார்ந்தாள். இரண்டு தரம் கம்பைப் போடுவதற்குள், "பால் பொங்குது பாரு, எழுந்திரு" என்று எழுப்பியதும் அவரேதான். அடுத்த வருஷமும் பால் பொங்கியது. அதற்கடுத்த வருஷம் அரிசி தீய்ந்தது. வருஷா வருஷம் அவள் ஒருத்திதான் பெயில். துலுக்கானத்தின் மகள் வடிவுகூட, பாவாடை கட்டுகிற வயசில், பாஸ்.

அந்த வருஷம் வேப்பம்பூ கொட்டுகிற சமயம், அடிபம்பில் தண்ணீர் அடித்துக்கொண்டே என்னிடம் சொன்னாள்: "அத்தே, இந்த வருசம் நா ஏறலேன்னா இனிமே அந்த ஊருக்கே வரமாட்டேன். வடையும் கெடையாது, காவலும் கெடையாது. செருப்பைப் பாத்துகினே கெழவியாயிடுவேன் போலகீது."

"அதுல அப்பிடி இன்னாடி கீது?"

அடிக்கிறதை நிறுத்தினாள். "விசில் வர்றதுக்கு முந்தி அவரு ஒருநாளு தூரமா போனாரு. கரையிலேர்ந்து பாத்தேன், புள்ளி மாதிரி இருந்தாரு. சத்தமே இல்ல. அந்த எடம் எப்பிடி இருக்குதுன்னு நா ஒரு தபா பாக்கணும் அத்தே."

நான் குடத்தைத் தூக்கிவிட்டேன்.

அந்த ஞாயிறு சாதுல்லாவின் மட்டடோரில் கிளம்பினோம். முன் சீட்டில் உலகநாதன். நசரத்பேட்டை தாண்டுவதற்குள் வண்டி ஓட்டுவது எப்படி என்று சாதுல்லாவுக்கு ஆரம்பித்துவிட்டார். கிளச்சை மிதிக்காதே, தடவு. ஸ்டியரிங்கை இறுக்காதே. ஆரனை அப்படி அடிக்காதே. தாடி நரைக்கிற வரைக்கும் வேன் ஓட்டிய மனுஷன் கடைசியில் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, "அண்ணாத்தே, நீயே ஓட்டு" என்றார்.

"நா ஓட்டிட்டா நீ எப்பிடிக் கத்துக்குவே?"

இந்த ஒரு வார்த்தையை மஞ்சள் துணியில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். அந்த இனத்தை எங்கே பார்த்தாலும் இதை வைத்தே அடையாளம் கண்டுகொள்ளலாம்.

கடலும் உப்பங்கழியும் கலக்கிற இடம் அது. கழியில் தண்ணீர் சாதுவாகக் கிடக்கும். துலுக்கானம், சாதுல்லா, வடிவு மூன்று பேரும் ஆரஞ்சு மிதவை ஜாக்கெட்டு மாட்டிக்கொண்டு ஆளுக்கொரு படகில் இறங்கினார்கள். கரையில் தொப்பி. "வல... எட... வல... எட..." கூடத்தில் பழகியது வீண்போகவில்லை, மூன்று துடுப்பும் ஒரே மாதிரி ஏறி இறங்கியது. நடுக்கழிக்குப் போனதும் கடற்காற்று எழும்பியது. எதிர்க்காற்றில் அவர் சொன்ன வலதும் இடதும் அவர் மூஞ்சியிலேயே வந்து விழுந்தன. அங்கே மூன்று பேரும் துடுப்பைத் தூக்கியது தூக்கியபடி உட்கார்ந்துவிட்டார்கள். சொல்லாமல் கை தூக்கக் கூடாதல்லவா?

போங்கள், போங்கள் என்று சொல்ல விசிலை எடுத்து ஊதினார். விசில் சத்தம் மட்டும் காற்றைக் கிழித்துக்கொண்டு போயிற்று. ஊதினால் நிற்க வேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். இன்னும் அசையாமல் நின்றார்கள். இவர் இன்னும் பலமாக ஊதினார். துலுக்கானம் மூச்சையும் பிடித்துக்கொண்டான். அவன் படகு பக்கவாட்டில் நகர்ந்து மீன் வலை கட்டிய மூங்கிலில் போய் முட்டியது.

வலைக்காரர் எழுந்து நின்றார். "யோவ், வலை கிழியுது. துடுப்பைப் போடுய்யா."

"மாஸ்டர் இன்னும் சொல்லலை."

"எந்த மாஸ்டரு?"

துலுக்கானம் கையை எடுக்கவும் பயந்து, தாடையால் கரையைக் காட்டினான்.

இந்தக் கூத்தில் என் பக்கத்தில் துப்பட்டி அசைந்தது. திரும்பிப் பார்த்தால் சொர்ணம் புடவையைத் தூக்கிச் சொருகிக்கொண்டிருக்கிறாள். உள்ளே புருஷனுடைய பழைய பேக்டரிக் காக்கிப் பேன்ட். வீட்டிலிருந்தே போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள், யாருக்கும் தெரியாது. ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டி வாரை இழுத்துக் கட்டினாள். மணலில் கிடந்த படகைத் தண்ணீருக்குத் தள்ளினாள்.

"அத்தே, செருப்பைப் பாத்துக்கோ" என்றாள். அவ்வளவுதான்.

"ஏய் சொர்ணம், இன்னா பண்றே? தரைப் பயிற்சி முடிக்கலை நீ" என்று இவர் திரும்புவதற்குள் காலைச் செருகி உட்கார்ந்துவிட்டாள். முதலில் படகு ஆட்டுக்கல் குழவி மாதிரி ஒரே இடத்தில் சுற்றியது. "வலது, வலதுன்றேன்" என்று இவர் கத்தக் கத்த மறுபடி சுற்றியது. பிறகு அவள் கரையைப் பார்ப்பதை விட்டாள். படகு நேராகப் போக ஆரம்பித்தது.

இவர் விசிலை ஊதினார். விசிலுக்கு நிற்க வேண்டும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? அந்தப் பாடம் நடக்கும்போது அவள் பால் இறக்கிக்கொண்டிருந்தாள்.

போனாள். காற்றுக்கு எதிராக, மணல் திட்டு வரைக்கும் போனாள். அங்கே துடுப்பை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். என்ன செய்தாள்? ஒன்றும் செய்யவில்லை. கரையிலிருந்து பார்த்தேன், புள்ளி மாதிரி இருந்தாள். வடைப் பாத்திரத்தை ஈ மொய்த்தது, நான் விரட்டவில்லை.

பக்கத்தில் உலகநாதனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. நெஞ்சிலிருந்து கத்தினால் அப்படித்தான். கரகரவென்று என்னிடம் சொன்னார்: "பாத்தியா அத்தே, நா சொல்லச் சொல்ல எப்பிடிக் கேட்டுகினு போனா பாரு. அத்தினி வருசம் காதுல வுழுந்தது வீணாப் பூடுமா?"

திரும்பி வரும்போது அவள்தான் வலை ஓரம் போய், "டேய், துடுப்பைப் போடுடா" என்று தம்பியைக் கிளப்பிக் கூட்டிக்கொண்டு வந்தாள். மற்ற இரண்டும் பின்னாலேயே வந்தன.

வேனில் ஏறிக் கொஞ்ச தூரம் போனதும் முன் சீட்டிலிருந்து உலகநாதன் அவளைக் கேட்டார். "அங்க நா சொன்னது உனக்குக் கேட்டுச்சா?"

"கேக்கல."

"ஒண்ணுமா?"

"ஒண்ணும்."

தாம்பரம் வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. சாதுல்லா பயந்து பயந்து, தன் இஷ்டத்துக்கு ஒரு கியர் மாற்றிப் பார்த்தார். பாடம் வரவில்லை. பிடித்த பேய் இறங்கிவிட்டது, இனிமேல் வெள்ளானூர்க் கூடத்தில் மனுஷன் நிம்மதியாக டீ குடிக்கலாம் என்று நான்கூட நினைத்தேன்.

அப்போதுதான் வடிவு சொர்ணத்திடம், "அத்தே, எனக்குப் படகு ஒரு பக்கமாவே இழுத்துகினு போச்சு" என்றாள்.

சொர்ணம் அவளைத் திரும்பிப் பார்த்தாள். "நீ கையை எறக்கிப் புடிச்சே, நா பாத்துகினுதான் இருந்தேன்." காலி சோற்றுக் குண்டானிலிருந்து நீளக் கரண்டியை எடுத்தாள். "இத்தப் புடி. அப்பிடி இல்ல, இப்பிடி. மொதல்ல முதுகை நிமித்து. கூன் போடாதே."

முன் சீட்டில் தொப்பி மெதுவாகத் திரும்பியது. "கட்டைவிரலு கொஞ்சம்..."

"நீ சும்மாரு" என்றாள் சொர்ணம். "வல... எட..."

நான் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தேன்.

இப்படித்தான் அது பரவுகிறது. இதையெல்லாம் சிரித்துக்கொண்டே படித்தீர்களே, உங்களை ஒன்று கேட்கலாமா? பால் பொங்கியது என்று நான் சொன்னபோது, தீயைக் குறைத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கலாமே என்று தோன்றியதா? விசில் விஷயத்தில், ஒன்று ஊதினால் நில், இரண்டு ஊதினால் போ என்று வைத்திருந்தால் வம்பே இல்லையே என்று மனசுக்குள் சட்டம் போட்டீர்களா? பக்கத்தில் இருப்பவருக்கு அதை எடுத்துச் சொல்லவும் வாயைத் திறந்தீர்களா?

சொல்லுங்கள், யார் வேண்டாம் என்றது. ஆனால் அதற்கு முன்னால் உங்கள் வீட்டு ஆட்கள் கொஞ்ச நாளாக எங்கே உட்காருகிறார்கள் என்று பாருங்கள். போன வருஷத்தைவிட உங்களிடமிருந்து ஒரு சாண் தள்ளி உட்கார்ந்திருந்தால், அவர்கள் துடுப்புப் போட ஆரம்பித்துவிட்டார்கள் என்று அர்த்தம்.