கபூர் பாயின் கார் பேசிய அந்தி

நின்றுபோன காரைச் சுற்றி நிற்கிற ஆண்களில் ‘எனக்கு ஒன்றும் தெரியாது’ என்று சொன்னவரை நான் இதுவரை பார்த்ததில்லை. பத்தொன்பது வயதில் நானும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றேன். பொன்னேரியில் ரேடியோ ரிப்பேர் பழகப் போய் முக்கால்வாசியில் திரும்பியவன் நான் (மீதிக் கால்வாசியில்தான் விஷயமே இருந்ததாம்).

இப்போதெல்லாம் மெக்கானிக் ஒரு சின்ன டப்பாவைக் காரில் செருகுகிறார். எங்கே கோளாறு என்று காரே சொல்லிவிடுகிறது. அதைப் பார்க்கிறபோதெல்லாம் என் மனைவி என்னைத் திரும்பிப் பார்ப்பாள். எண்பதுகளின் தொடக்கத்திலேயே, பழவேற்காட்டு லைட்ஹவுஸ் குப்பத்தில், அப்படியொரு டப்பாவை நான் செய்துவிட்டேன். கார் சொன்ன சேதிதான் வேறு.

கார் கபூர் பாயுடையது. எங்கள் குப்பத்து இறாலை மொத்தமாக வாங்கிப்போகிற வியாபாரி. முந்தைய மழைக்காலத்தில் ஒருநாள் இறால் கொட்டகைக்குள் காரைக் கொண்டுவந்து நிறுத்தினார், இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே உயிர் போயிருந்தது. அன்று நின்ற கார் அதன்பிறகு யாருக்கும் கிளம்பவில்லை. அவருடைய வெள்ளைத் தொப்பி முன்கண்ணாடிக்குக் கீழே அப்படியே கிடந்தது. எடுக்க யாருக்கும் கை வரவில்லை. காற்றே இல்லாத நேரத்திலும் துருப்பிடித்த கதவு ஒன்று மெல்ல முனகும். பிள்ளைகள் கொட்டகையைச் சுற்றிக்கொண்டுதான் போவார்கள். நானும் சுற்றிக்கொண்டுதான் போவேன் (பிள்ளைகளுக்குத் துணையாக).

அவர் மனைவியை நாங்கள் பாயம்மா என்போம். அவர் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

“ஆரம்பாக்கத்துலேர்ந்து ஒருத்தர் காரைக் கேக்கறாரு. ஓடினாதான் எட்த்துப்பாராம். நீ மிஷின் படிச்ச புள்ளதானே, இன்னா கோளாறுன்னு பாரேன்.”

தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. என்ஜினில் பொறி விழுகிற சத்தத்தை ஸ்பீக்கரில் கேட்டால் கோளாறு எந்த இடத்தில் என்று தெரியும் என எங்கோ படித்திருந்தேன். அதற்கென்று விற்கிற கருவியை வாங்க எனக்கு வக்கில்லை. ஆனால் வீட்டில் நைனாவின் டிரான்சிஸ்டர் இருந்தது (அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவேன்). குப்பத்தில் அப்போது ஒழுங்காகப் பாடிக்கொண்டிருந்த ஒரே டிரான்சிஸ்டர். படகு இறக்குமுன் நைனா வானிலை கேட்பதும் அதில்தான். அவர் வலை வேலையாகப் போயிருந்தபோது அதைத் திறந்தேன். ஸ்டேஷன் பிடிக்கிற பாகத்தைப் பிடுங்கிவிட்டு மீதியை சோப்பு டப்பாவில் அடைத்தேன். இரண்டு வயர், நுனியில் இரண்டு கிளிப். ஸ்டேஷன் பிடிக்கிற பாகமே இல்லாததால் அது இனி ரேடியோ இல்லை என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

அன்று பார்த்து எங்கள் வீட்டுக்கு முகத்துவாரப் பாடு. ஏரியில் யார், எந்த நாள், எங்கே வலை போடலாம் என்று ஊரே முறை வைத்துப் பிரித்திருக்கும். அதற்குப் பெயர்தான் பாடு. கடலும் ஏரியும் சேருகிற முகத்துவாரம் இறாலுக்குப் பேர்போன இடம். முறையன்று போகாவிட்டால் போனது போனதுதான், அடுத்தது சுற்றி வருவதற்குள் பருவம் முடிந்துவிடும். அந்த ஒரு நாளுக்காக நைனா வலையையே புதிதாக முடிந்து வைத்திருந்தார்.

அந்தி மசங்குகிற நேரம். ஒரு பொட்டுக் காற்றில்லை. நைனாவும் ஆட்களும் வலையைச் சுமந்துகொண்டு கொட்டகை வழியாகப் படகுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். நான் எல்லாரும் பார்க்கும்படி பானட்டைத் திறந்து, ஒரு கிளிப்பை என்ஜினிலும் இன்னொன்றைத் துருவேறிய ஒரு போல்ட்டிலும் மாட்டினேன். காரைக் கிளப்ப முன்னால் செருகிச் சுற்றுகிற ஹேண்டிலை இன்னும் யாரும் தொடக்கூட இல்லை. டப்பா இரைந்தது. பிறகு யாரோ மூச்சு விடுவதுபோல் கேட்டது. பிறகு மூக்கால் பேசுகிற, தேய்ந்துபோன ஓர் ஆண்குரல்.

“…பலத்த காற்று… மீனவர்கள்… செல்ல வேண்டாம்…”

கபூர் பாயும் மூக்கால்தான் பேசுவார்.

வலை சுமந்தவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். ஊர்ப் பெரியவர் ஏழுமலை மாமா மெல்லச் சொன்னார்: “பாய்தான்.”

நைனாவுக்கு மட்டும் சந்தேகம். “இன்னா மாமா, பாய் இவ்ளோ சுத்தமாவா பேசுவாரு? ‘போவாதீங்கடா’ன்னுதானே சொல்வாரு?”

“செத்துப் பூட்டவங்கல்லாம் அப்டித்தான் பேசுவாங்க.”

அது மாமாவுக்கு எப்படித் தெரியும் என்று யாரும் கேட்கவில்லை. படித்தவன் என்ன சொல்கிறான் என்று எல்லாரும் என் பக்கம் திரும்பினார்கள். ‘ரேடியோ’ என்ற ஒரே வார்த்தை போதும், நைனாவின் பாடு பிழைத்திருக்கும். ஆனால் அங்கே நான் இல்லை. சவுக்குத் தோப்பைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு கிளிப் என் கைலியைக் கவ்வியிருந்ததால் டப்பாவும் மணலில் கரகரவென்று கூடவே வந்தது. பாய்தான் துரத்துகிறார் என்று நினைத்து இன்னும் வேகமாக ஓடினேன் (கைலி வழியிலேயே நின்றுவிட்டது).

“இன்னிக்கு ஒரு படகும் எறங்கக் கூடாது” என்று ஏழுமலை மாமா சொல்லிவிட்டார். நைனா வலையை மடியில் வைத்துக்கொண்டு முகத்துவாரத்தையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். விடியும்வரை ஓலைகூட அசையவில்லை. ஏரி தட்டில் ஊற்றிய தண்ணீர் மாதிரி கிடந்தது. மறுநாள் முறைக்காரர்கள் கூடை கூடையாக இறால் அள்ளினார்கள். ரேடியோவில் சொன்ன எச்சரிக்கை நாகப்பட்டினம் பக்கத்துக்குத்தான் என்று முதல் பஸ்ஸில் வந்தவர் சொன்னார். துருவும் வயரும் சேர்ந்தால் ஸ்டேஷன் தானாகவே பிடிபடும் என்பதும் அந்த மீதிக் கால்வாசியில் இருந்ததாம்.

நைனா மணலில் கிடந்த டப்பாவை எடுத்துத் திறந்தார். “இது என் ரேடியோடா” என்றார். அவ்வளவுதான், அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்கு அவ்வளவு அழுகை வந்திருக்காது.

அன்று சாயங்காலம் பாயம்மா வந்தார்.

“ரேடியோன்னு தெரியும்பா. அவரு கொரல் எனக்குத் தெரியாதா? நாலு வார்த்தைக்கு ஒரு வாட்டி இருமுவாரே. இருந்தாலும் இன்னொரு வாட்டி மாட்டிக் காமி.”

மாட்டினேன். பாயம்மா காருக்குள் ஏறி உட்கார்ந்தார். வெறும் இரைச்சல்தான் வந்தது, பேச்சே இல்லை. கழற்றிவிடலாம் என்று கையை நீட்டினேன். டப்பா இருமியது. ஒரே ஒரு தடவை.

பாயம்மா அந்தத் தொப்பியை எடுத்துத் தட்டி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு இறங்கி, “காரைக் குட்த்துடலாம்பா” என்றார். ஓடாத காரை ஆரம்பாக்கத்துக்காரர் பாதி விலைக்கு மாட்டைக் கட்டி இழுத்துப் போனார்.

அடுத்த பாடு சுற்றி வந்தபோது நைனா வலையோடு என் முன்னால் வந்து நின்றார். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒருமுறை இருமினார். “செல்லலாமா?” என்றார். அன்றுதான் நான் மறுபடி வயிறாரச் சாப்பிட்டேன்.

இப்போதும் வீட்டில் யார் இருமினாலும், “பாய் வந்துட்டாரு, யாரும் வெளிய செல்ல வேண்டாம்” என்று மனைவி ஆரம்பிப்பாள். பேரப்பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு சின்னவள் மட்டும் ஒவ்வொரு தடவையும் கேட்பாள்: “தாத்தா, நியூஸ் படிக்கிறவங்க இருமுவாங்களா?”

யாரும் இருமி நான் கேட்டதில்லை.