சாகாத வண்டிக்கு ஓனர்

ஆந்திர எல்லையில் குடிபாலாவுக்குப் பக்கத்தில், வேலூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிற்றூரில் துலுக்காணம் என்றொரு பணக்காரர் வசித்துவருவதை அரசாங்கம் கண்டுபிடித்தது. பொதுமக்கள் நலனை உத்தேசித்துச் செய்யப்பட்ட அந்தக் கண்டுபிடிப்பு, களத்தில் கடலைக்காய் உலர்த்திக்கொண்டிருந்த துலுக்காணத்துக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது.

சேதி கொண்டுவந்தவன் சச்சிவாலயத்து ரமணா. சச்சிவாலயம் என்றால் செயலகம். அதற்காக யாரும் பயந்துவிட வேண்டாம், இது ஊர் அளவுச் செயலகம். பள்ளிக்கூடத்தை ஒட்டி ரெண்டு ரூம், ஒரு ஃபேன், அந்த ஃபேனுக்கு நேர் கீழே ரமணா, அவ்வளவுதான். டேப்லெட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"மாமா, உங்க ரைஸ் கார்டு கேன்சல் ஆயிட்ச்சி."

"இன்னாத்துக்குடா?"

"உங்க பேர்ல நாலு சக்கரம் கீது. நாலு சக்கரம் இருந்தா நீங்க ஏழை இல்ல."

"டேய், அதுல மூணு டயரு வழுக்கைடா!"

"வழுக்கைன்னு டிக் அடிக்க இதுல இடம் இல்ல மாமா."

அரிசி போனால் போகிறது, கேழ்வரகு இருக்கிறது. ஆனால் மகள் ஹர்ஷினி திருப்பதியில் நர்சிங் படிக்கிறாள். அவளுக்கு ஃபீஸ் கட்டுவது அரசாங்கம். கட்டுவது அந்தக் கார்டைப் பார்த்து. கார்டு போனதும் காலேஜ் சுருக்கமாகச் சொல்லிவிட்டது: ஃபீஸ் வராவிட்டால் ஹால் டிக்கெட் கிடையாது. ஹாஸ்டலும் கிடையாது என்று பெட்டியோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டது. அந்த வம்சத்தில் பத்தாவதைத் தாண்டிய ஒரே ஜீவன் அவள்தான். அவள் வந்து எதிரில் உட்கார்ந்து கடலை உரித்ததைப் பார்த்ததும் அம்மா செங்கம்மாவுக்கு வயிறு எரிந்தது.

"அந்த எழவெடுத்த வண்டியை எங்கனா கொண்டுபோய் தொலைச்சிட்டு வாயா!" என்றாள்.

அந்த வண்டி வந்த கதையையும் சொல்லித்தான் ஆக வேண்டும். சித்தூரில் மாம்பழக்கூழ் ஃபேக்டரி வைத்திருக்கும் வேதாச்சலத்திடம் துலுக்காணம் பல வருஷம் டிரைவர். வண்டி டொயோட்டா குவாலிஸ். ஒரு நாள் கூட நடுரோட்டில் நின்றதில்லை. வேதாச்சலத்தின் சம்பந்தி ஒரு நியூமராலஜிக்காரரைக் கூட்டிவந்தார். அவர் நம்பர் பிளேட்டைக் கூட்டிப் பார்த்து, "எட்டு! சனி!" என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். ஃபேக்டரியில் எது அழுகினாலும் அதற்கு இந்த எட்டுதான் காரணம் என்று அன்றைக்கே தீர்மானமாகிவிட்டது. வேதாச்சலம் கறுப்பில் கூரை திறக்கிற ஒரு வண்டியை வாங்கிக்கொண்டு, சனியைத் துலுக்காணத்துக்குத் தானமாகக் கொடுத்தார். வேதாச்சலத்தின் வண்டிகள் எல்லாம் கம்பெனி பேரில். எனவே அரசாங்கக் கணக்கில் அவருக்குக் காரே கிடையாது, பாவம்.

குவாலிஸ் ஊருக்கு வந்ததிலிருந்து அது ஊர்ச்சொத்து. டீசல் போட்டால் போதும், பிரசவத்துக்கு வேலூர், மொட்டைக்குத் திருப்பதி, பெண் பார்க்க கங்காதர நெல்லூர். அந்தத் தைரியத்தில் துலுக்காணம் வீடு வீடாகப் போய், வண்டியைத் தங்கள் பேருக்கு மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கேட்டார். எல்லோரும் வண்டியைப் புகழ்ந்தார்கள். தன் மகளின் கல்யாணத்துக்கே இதே வண்டியில் போய்வந்த தனராஜ்கூட, "தங்கமான வண்டி துலுக்காணம். என் பொண்ணு கிருபாபாய் டெய்லி உனக்காக ஜெபம் பண்ணுது. பேரு மட்டும் உன் பேர்லியே இருக்கட்டும்" என்றார். சரி, சர்ச் பேருக்காவது எழுதிக்கொள்ளுங்கள் என்றதற்கு, சர்ச்சுக்கு வரும் மானியம் போய்விடும் என்று கமிட்டி கூடித் தீர்மானித்தது.

எட்டு என்றதும் வெளியூர்க்காரர்களும் விலைக்கு வாங்கவில்லை. கடைசியில், வண்டியை உடைத்துக் கணக்கை முடிப்பது என்று கிளம்பினார். உடைக்க வேண்டுமென்றால் 'இவ்வாகனம் உபயோகத்துக்கு லாயக்கற்றது' என்று பிரேக் இன்ஸ்பெக்டர் சர்டிஃபிகேட் தர வேண்டும். இன்ஸ்பெக்டர் பேர் சுரேஷ்பாபு. ஆபீஸ் பேர் வேண்டாம், எந்த ஆபீஸ் என்று நினைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

சுரேஷ்பாபு சாவியைத் திருப்பினார். முதல் திருப்பிலேயே வண்டி ஸ்டார்ட் ஆனது. மைதானத்தைச் சுற்றி ஒரு ரவுண்டு அடித்துவிட்டு இறங்கும்போது அவர் முகம் தரிசனம் முடிந்து வருகிற முகமாக இருந்தது.

"அப்பா, ஏமி வண்டி! ஏமி வண்டி! இதையா லாயக்கில்லைன்னு எழுதச் சொல்றே?"

"எனக்கு லாயக்கு இல்ல சார். ரைஸ் கார்டு பூட்ச்சி. பொண்ணு படிப்பு நின்னுகினு கீது."

"அது வேற டிபார்ட்மென்ட். இந்தக் கம்பெனி சரித்திரம் தெரியுமா உனக்கு? ஆதியில இவங்க தறி செஞ்சவங்க. நூல் அறுந்தா தறி தானா நின்னுடும். ஒரு தப்பு நடந்தா மேல ஓடவே ஓடாது. அந்தப் புத்திதான் காருக்கும் வந்தது. அதான் உலகம் பூரா பேரு!"

"இங்க நூலே இல்லாம ஓடிக்கினு கீது சார்" என்றார் துலுக்காணம், ஆபீஸைச் சுற்றிப் பார்த்துக்கொண்டே.

"அப்புறம் இன்னொண்ணு. குடும்பப் பேரு தோயோதா. அதை டொயோட்டான்னு மாத்தினாங்க, ஏன்? அவங்க ஜப்பான் எழுத்துல எழுதினா எட்டுக் கோடு. அவங்களுக்கு எட்டு ராசி!"

துலுக்காணம் நம்பர் பிளேட்டைப் பார்த்தார். எட்டுக்காகப் பேரை மாற்றியவன் உலகமெல்லாம் கார் விற்கிறான். எட்டுக்காகக் காரைத் தள்ளியவர் கூரையைத் திறந்து போட்டுக்கொண்டு போகிறார். ரெண்டு எட்டுக்கும் நடுவில் தன் மகள் கடலை உரிக்கிறாள் என்று நினைத்ததும் அவருக்கு ஆத்திரமாக வந்தது.

"எஞ்சினைக் கழட்டிட்டு இட்டாந்தா எழுதுவீங்களா சார்?"

"எஞ்சின் இல்லாம வந்தா அது வண்டி இல்லப்பா, போலீஸ் கேஸ். முறைப்படி சாகணும். செத்ததும் எடுத்துக்கிட்டு வா."

முறைப்படி சாகடிக்கும் வேலை மறுநாளே தொடங்கியது. ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றாமல் பலமநேர் மலை ஏற்றினார். ஏறி, இறங்கி, வீட்டு வாசலில் வந்து நின்று உறுமியது. டீசலில் மண்ணெண்ணெய் கலந்தார். கொஞ்சம் கூடுதலாகவே ஓடியது. மழைக்கு ஏரியில் பாதி முழுக நிறுத்திவைத்தார். வெளியே இழுத்துத் தண்ணீர் வடிந்த பிறகு ஊரே கரையில் கூடி நிற்க, சாவியைத் திருப்பினார். ரெண்டு தடவை இருமியது. "போயிட்ச்சி, போயிட்ச்சி" என்று செங்கம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். மூன்றாவது தடவை ஸ்டார்ட் ஆகிவிட்டது. கரையில் இருந்தவர்கள் தங்களை மறந்து விசில் அடித்தார்கள்.

"அடப் பாவி, நீ நாசமாப் போவ!" என்று செங்கம்மா வண்டியைத் திட்டினாள். "நாசமாப் போவத்தானே கெஞ்சிக்கினு கீறோம்" என்றார் துலுக்காணம். ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் சேற்றையெல்லாம் துடைத்துவிட்டார். பழகிய கை.

பரீட்சைக்குப் பத்து நாளும் இல்லை என்ற நிலையில் ரமணா ஒரு வழி சொன்னான்.

"மாமா, வண்டிதான் உங்களை வுட்டுப் போவ மாட்டுது. நீங்க குடும்பத்தை வுட்டுப் போயிடுங்க."

"இன்னாடா சொல்றே?"

"பேப்பர்லதான். அத்தை தனி, நீங்க தனி. கார் உங்களோட வந்துடும். கார்டும் ஹர்ஷினியும் அத்தையோட இருக்கும். ஒண்டரி மகிளான்னு ஒரு கட்டம் கீது, புருஷன் வுட்டுட்டுப் போன பொம்பளைக்கு. அத்தைக்குப் பச்சை டிக் வுழும்."

செங்கம்மா முதலில் விளக்குமாற்றைத் தேடினாள். பிறகு மகளைப் பார்த்தாள். பிறகு சச்சிவாலயத்துக்குப் போய் ஃபேனுக்குக் கீழே நின்று வாக்குமூலம் கொடுத்தாள். ரமணா ஆபீஸ் குரலில் கேட்டான்.

"உங்க வீட்டுக்காரர் உங்களை விட்டுட்டுப் போயிட்டாரா?"

"போயிட்டாரு."

"எவ்ளோ தூரம்?"

"புளியமரம் வரிக்கும்."

புளியமரத்தடியில் குவாலிஸ் நின்றது. குவாலிஸில் துலுக்காணம் குடியேறினார். பாய், தலையணை, சொம்பு சகிதம் அவர் பின்சீட்டில் உட்கார்ந்திருப்பதை ரமணா போட்டோ எடுத்து ஏற்றினான். செங்கம்மா சோறு கொண்டுவந்து பானெட்டில் வைத்துவிட்டு, யாரோ போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். பொட்டு வைக்கலாமா கூடாதா என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. வாரம் முடிவதற்குள் கார்டு வந்தது, ஹால் டிக்கெட்டும் வந்தது.

பரீட்சை அன்றைக்குத் துலுக்காணத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "பணக்காரன்னு எழுதிட்டானுங்க இல்ல? ஒரு நாளாவது என் பொண்ணு கார்ல போய் எறங்கட்டும்." ரமணா ஓடிவந்து தடுத்தான். பணக்காரர்கள் ஏழைகளின் ஃபீஸைத் தின்பதைத் தடுக்கக் காலேஜ் கேட்டுகளில் விசேஷக் கண்காணிப்பு போட்டிருக்கிறார்களாம். யார் காரில் யார் இறங்குகிறார்கள் என்று பார்க்கிறார்களாம். "போறதுன்னா போங்க. கேட்டா டிரைவருன்னு சொல்லுங்க" என்றான்.

பாகாலா தாண்டும்வரை ஹர்ஷினி நோட்டைப் புரட்டிக்கொண்டு வந்தாள். பிறகு கேட்டாள்: "அங்க வந்து உன்னை நைனான்னு கூப்டக் கூடாதா?"

"கூடாது."

"அப்போ இன்னான்னு கூப்டறது?"

"ஒண்ணும் கூப்டாத. எழுதிட்டு வந்து பின்னாடி சீட்ல குந்து" என்றார். எதிரில் யாருமே இல்லாத ரோட்டில் ஹார்ன் அடித்தார்.

கேட்டில் குடைக்குக் கீழே நாற்காலி போட்டு, டேப்லெட்டோடு விசேஷக் கண்காணிப்பு உட்கார்ந்திருந்தது. பார்த்தால், நம்ம சுரேஷ்பாபு! வண்டிகளின் முகம் அவருக்கு மறக்காது. மனுஷர் முகம் நிற்காது.

"அட, இது இன்னும் ஓடுதா! நீ யாரு?"

"டிரைவர் சார்."

"ஓனர்?"

"புளியமரத்தடியில கீறாரு சார்."

"பொண்ணு?"

"வழியில லிஃப்ட் கேட்டுச்சி சார்."

சுரேஷ்பாபு டிக் அடித்தார். ஹர்ஷினி திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள்.

வெளியே சுவரோரம் கார்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு காருக்கும் ஒரு டிரைவர். பக்கத்துக் காரில் சாய்ந்திருந்தவர் பிச்சாட்டூர்க்காரர். ஜரிகை வேட்டி, கையில் மோதிரம், கண்ணெல்லாம் சிவப்பு.

"நீங்களும் டிரைவரா?" என்றார் துலுக்காணம்.

"ஆமா, டிரைவர்தான். எங்க ஓனர் பொண்ணு அனாடமியில கொஞ்சம் வீக்கு. அலிபிரியில ஒரு தேங்காய் ஒடைச்சிட்டு வந்தேன். காலையிலருந்து ஒண்ணும் துன்னல, எறங்கல."

அந்தப் பக்கம் ஒரு டிரைவர் கேட்டையே பார்த்து நகம் கடித்துக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் ஒருவர் உதடு அசைய ஜெபம் பண்ணினார். சொந்த ஓனர்களின் பிள்ளைகள்மேல் டிரைவர்கள் இத்தனை பாசமாக இருக்கிற ஊர் வேறெங்கும் இருக்காது.

மணி அடித்தது. வெள்ளைக் கோட்டுகள் திமுதிமுவென்று வெளியே வந்தன. ஹர்ஷினி எல்லாக் கேள்விக்கும் எழுதியிருந்தாள். அந்தச் சந்தோஷத்தில் சொன்னதெல்லாம் மறந்துபோய், கேட்டுக்கு வெளியே ஓடிவந்து வாய் நிறையக் கத்தினாள்:

"நைனா!"

வரிசையில் நின்ற டிரைவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள்.

குடைக்குக் கீழே இருந்த சுரேஷ்பாபுவும் நாற்காலியை விட்டு எழுந்து திரும்பினார். அவர் மகளும் அங்கேதான் படிக்கிறாள், அவருடைய அம்மாவின் ரைஸ் கார்டில்.

டிரைவர்கள் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் டிரைவர்களைப் பார்த்தார். பிறகு அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு உட்கார்ந்து, டேப்லெட்டில் ஏதோ நீளமாக எழுதினார்.

எழுதியது என்ன என்பது பரீட்சை ரிசல்ட்டோடு தெரிந்தது. 'மேற்படி காலேஜில் பணக்காரர் எவரும் இலர். டிரைவர்கள் மட்டும் மிகுதியாக உளர். அன்னாரின் கடமையுணர்ச்சி நேரில் கண்டு உறுதிசெய்யப்பட்டது. அன்னாருக்கு நலத்திட்டம் ஒன்று வகுத்தல் நலம்.' வகுத்துவிட்டார்கள். ரமணாவே டேப்லெட்டோடு புளியமரத்தடிக்கு வந்து, துலுக்காணத்தின் கட்டைவிரலைப் பிடித்து அழுத்தி எழுதிக்கொண்டு போனான். மறு வாரம் திரும்பி வந்தான்.

"ரிஜெக்ட் ஆயிட்ச்சி மாமா. நீங்க டிரைவர் இல்லியாம். உங்க பேர்ல கார் கீதாம். ஓனராம்."

துலுக்காணம் பின்சீட்டிலிருந்து இறங்கி வந்தார். "அப்போ ஹர்ஷினிக்கு? அதுக்கு ஏதாவது ஆயிடுமாடா?"

ரமணா திரையைத் தள்ளித் தள்ளிப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"அதுக்கு இன்னா மாமா, ஜம்முனு கீது. அதுக்குத்தான் நீங்க அப்பா இல்லியே!"