செயின் பாக்கெட் விவகாரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்காவைக் கட்டிய உரிமையில் மாமா எழுதுவது. இங்கே நானும் அவளும் சுகம், வண்டி மட்டும் சுகமில்லை. நீ சுகமா என்று கேட்க வேண்டியதில்லை, நேற்று உன் கடையைத் தாண்டும்போது நானே பார்த்தேன். என்னைக் கண்டதும் முதுகைக் காட்டிக்கொண்டு ஆயில் டப்பாக்களைத் துடைக்க ஆரம்பித்தாய். அவை அவ்வளவு பளபளப்பாக இருந்து நான் பார்த்ததே இல்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை, எதிரே வந்தால் டப்பா துடைக்கிறாய், அதனால்தான் பேனாவைப் பிடித்தேன். எனக்கும் எழுத்துக்கும் எவ்வளவு தூரம் என்று உனக்குத் தெரியும். தப்பு வந்தால் தாண்டிப் படி.

நடந்தது இதுதான். வியாபாரத்து ரொட்டிப் பெட்டி இரண்டையும் பின்னால் கட்டிக்கொண்டு மேடு ஏறினால் வண்டியில் செயின் கழன்று கழன்று விழுந்தது. பின்சக்கரத்தில் செயின் மாட்டுகிற பல்சக்கரத்தின் பல்லெல்லாம் தேய்ந்து வழவழவென்று ஆகிவிட்டது. நேரே உன் கடைக்கு வந்திருக்கலாம்தான். ஆனால் நீ என்ன செய்வாய், சாமானை எடுப்பதற்கு முன்னால் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, "இதுக்குப் பேரு வண்டியா மாமா, இதையும் நம்பி ரோட்டுக்கு வர்றீங்களே, உங்க தைரியம் யாருக்கு வரும்" என்று கடையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொல்வாய். திட்டு வாங்காமல் சாமான் வாங்க ஒரு வழி இருக்கிறதே என்று போனை எடுத்தேன். வாயால் சொன்னால் அதுவே தேடிக் கொடுக்குமாமே. "செயின் பாக்கெட்" என்று கணீரென்று சொன்னேன். அந்தப் பல்சக்கரத்துக்கு உண்மையான பேர் ஸ்ப்ராக்கெட் என்பது எனக்கு அப்புறம்தான் தெரியும். நீயும் உன் பக்கத்துக் கடை மெக்கானிக்கும் காலம் முழுக்கப் பாக்கெட் பாக்கெட் என்றுதானே சொல்கிறீர்கள், உங்கள் வாயை நம்பினேன். மூக்குக்கண்ணாடி கையில் இல்லை. முதல் படத்தில் என்னவோ மஞ்சளாக மின்னியது. புதுச் சாமான் மின்னத்தானே செய்யும் என்று அழுத்திவிட்டேன்.

பார்சல் வந்தது. பிரித்தவள் உன் அக்கா. உள்ளே பிளாஸ்டிக் பாக்கெட், பாக்கெட்டுக்குள் கழுத்தில் போடுகிற செயின், நடுவில் ஒரு சிவப்புக் கல். செயின் கேட்டேன், செயின் வந்தது. பாக்கெட் கேட்டேன், பாக்கெட்டும் வந்தது. கம்பெனி மேல் குற்றம் சொல்ல முடியாது. அவள் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, "எனக்கா?" என்றாள். மாப்பிள்ளை, அந்த "எனக்கா"வைக் கேட்டிருந்தால் நீயும் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டாய். "பின்னே எனக்கா?" என்றேன். அன்றிலிருந்து அதைக் கழற்றவில்லை. பாத்திரம் கழுவும்போதுகூட முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கொண்டு கழுவுகிறாள்.

செயின் வந்துவிட்டது, வண்டி அங்கேயே நிற்கிறது. அதனால் இரண்டாவது தடவை கண்ணாடி போட்டு, படத்தை நன்றாகப் பார்த்து, பல்லெல்லாம் சரியாக இருக்கிறதென்று அழுத்தினேன். நம் சந்து யாருக்கும் தெரியாதே என்று "மோட்டார் சாமான் கடைக்குப் பின்னால்" என்று அடையாளமும் சொன்னேன். பார்சல்காரர் அடையாளத்தோடு நின்றுவிட்டார். மோட்டார் சாமான் விற்கிறவன் கையிலேயே என் மோட்டார் சாமானைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். மேலே ஸ்ப்ராக்கெட் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்த அதை நீ எடுத்துக்கொண்டு வந்தாய். அக்கா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். "உங்க சாமான் மாமா, வழி தெரியாம என் கடைக்கு வந்துருச்சு" என்று ஸ்டூலில் வைத்தாய். உட்காரவில்லை. வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நீ நாலு வார்த்தை திட்டியிருந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கியிருக்கும். உள்ளே என்ன இருந்தது தெரியுமா? பல்சக்கரம்தான், ஆனால் உள்ளங்கைக்குள் அடங்குகிற அளவு. சாவி கோர்த்து வைக்கிற வளையமாம். இப்போது ரொட்டிப் பெட்டியை சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போகிறேன். சாவிக்கு மட்டும் அலங்காரம் குறைவில்லை.

சிரித்தது போதும், விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு நீ வருவதில்லை. "கடையில ஸ்டாக் எடுக்கிறேன்"னு அக்காவிடம் சாக்குச் சொல்கிறாயாம். அவள் உன் தட்டைக் கழுவி வைக்கிறாள், பிறகு எடுத்து உள்ளே வைக்கிறாள். "தொப்பை போட்டுருச்சுடான்னு நான்தாங்க சொன்னேன், பிள்ளை மனசுல வச்சுக்கிட்டான்" என்று கண்ணைத் துடைக்கிறாள். காரணம் அது இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? பார்சலைச் சொன்னால் முதல் பார்சலையும் சொல்ல வேண்டும். முதல் பார்சலைச் சொன்னால் அவள் கழுத்தில் இருப்பது வண்டிக்குக் கேட்ட சாமான் என்று ஆகிவிடும். என்னால் முடியாதப்பா. உன் தொப்பையே பழியைச் சுமக்கட்டும் என்று விடவும் மனசு வரவில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமை வா. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, தெருவே கேட்கட்டும். பார்சல் பேச்சை மட்டும் எடுக்காதே. இனிமேல் டயருக்குக் காற்றுகூட உன்னிடம்தான் அடிப்பேன்.

உன் வியாபாரம் பெருகட்டும், உடம்பு இப்போதிருக்கிற அளவோடு நிற்கட்டும்.

அன்புடன்,
மாமா

பின்குறிப்பு: எழுத்துப்பிழை பார்த்துக் கொடு என்று இதை உன் அக்காவிடமே நீட்டிவிட்டேன். கையை விட்டுப் போன பிறகுதான் உள்ளே என்ன எழுதினேன் என்று ஞாபகம் வந்தது. முழுக்கப் படித்தாள். "பார்சலைப் பிரிச்சப்பவே உங்க மூஞ்சியைப் பார்த்தேன். செயின் வாங்கித் தந்தவன் மூஞ்சியா அது, செயின் அறுந்தவன் மூஞ்சி" என்றாள். "தெரிஞ்சுமா போட்டுக்கிட்ட?" என்றேன். "வாங்கினது வேணா தப்பா இருக்கலாம், எங்கிட்ட இருந்து திருப்பி வாங்கலையே நீங்க" என்றாள். உடனே உனக்குப் போன் போட்டாள், அவள் போனை நீ எடுத்தாய், மீதி உனக்கே தெரியும். எனக்கான பல்சக்கரத்தை அன்றைக்கே தனியாக எடுத்து வைத்துவிட்டதாகச் சொன்னாயாமே. அதையும் எடுத்துக்கொண்டு வா. இனி இதைத் தபாலில் போட வேண்டாம், கிழித்துவிடலாம் என்று கையை நீட்டினேன். தர மாட்டேன் என்கிறாள். "எனக்குன்னு ஒரு வரி எழுதினதில்ல நீங்க, தம்பிக்கு எழுதினதுலயாவது பக்கத்துக்குப் பக்கம் நான் வர்றேன்" என்று மடித்து பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாள். இந்தப் பின்குறிப்பையே கடிதத்தைக் கெஞ்சிக் கேட்டு வாங்கித்தான் எழுதுகிறேன். ஆகையால் மாப்பிள்ளை, இந்தக் கடிதம் உனக்கு வராது.